கதவடிக் கதிரைக்குச் சொன்ன பிலிப்பைன்ஸ் கதை

எங்கள் வாசிப்பு வட்டத்தில், பேசுகிறவரின் மேசைக்குப் பின்பக்கம், கதவடிக் கதிரை ஒன்று எப்போதும் காலியாகக் கிடக்கும். யாரும் தீர்மானம் போட்டு அதை வைக்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு ரியூசன் வகுப்பறையை மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் இரவல் வாங்கிக் கூடுகிறோம். முன்வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் அந்தக் கதிரையில் எங்கள் ஆட்கள் இருப்பதில்லை. தெரியாத முகம் ஒன்று வந்தால் அது நேரே போய் அங்கேதான் இருக்கும். முதல் தேத்தண்ணியும் அந்த முகத்துக்குத்தான். வந்தவர் புத்தகப் பிரியராக இருக்கலாம். நாங்கள் கதைப்பதைக் கேட்டு எங்கேயோ போய்ச் சொல்ல வந்தவராகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஆகவே எல்லோருக்கும் ஒரே சீனிதான்.

அன்றைக்கு நான் பேசும் முறை. விஷயம் பிலிப்பைன்ஸ். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வளைகுடாவில், நான் வேலை செய்த ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்திலிருந்து வந்தது. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பிடித்தவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஊரில் சரித்திரம் படித்தவர். மடிக்க மடிக்கக் கதைப்பார். நாடு சுதந்திரமடைந்து அமெரிக்கர் போன பிறகும் அங்கே படித்தவர்கள் பலர் போனவர்களின் மொழியிலேயே எழுதினார்களாம். 'நீங்கள் நினைத்த மாதிரி ஆட்கள் இல்லை நாங்கள்' என்று போனவர்களுக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பிறகு சிலர் எழும்பி, நாம் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டார்களாம். வெட்கத்துக்கும் நன்றிக்கும் மனசின் உள்பக்கத்துக்கும் சனங்கள் புழங்குகிற சொற்களை எடுத்து, அதிலிருந்தே சரித்திரத்தையும் மனித மனசையும் யோசிக்கத் தொடங்கினார்களாம்.

சனங்களின் பேச்சென்றால் சோற்றையும் மறந்து நிற்கிறவன் நான். ஊருக்கு வந்த பிறகும் கைபேசியில் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் ஒரு பகுதி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. அந்த யோசனைகள் வளர்ந்த காலத்தில் அங்கே இராணுவச் சட்டம். எழுதியவர்களைப் பிடித்து மறியலில் அடைத்தார்கள். வீட்டை விட்டுப் போன சிலர் திரும்பவேயில்லை.

அதைக் கடைசியில் சொல்வதென்று வைத்திருந்தேன். புறப்படும்போது மனைவி வாசல் படலையடிக்கு வந்தாள்.

"உங்கட பிலிப்பைன்ஸ அங்கயே வெச்சுக் கதைங்க. இஞ்சால இழுத்துக்கொண்டு வராதீங்க. இன்னொருக்கா அந்தக் கேற்றடியில நிக்க என்னால ஏலாது."

அவள் சொன்னது போன விசாரணையை. சண்டையில் செத்தவர்களுக்கான ஒரு நினைவுக் கூட்டத்துக்குப் போனதற்காகப் பொலிசில் கூப்பிட்டார்கள். காற்சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் உடுத்திருந்த சாரத்தோடேயே போனேன். பின்னேரம் விட்டுவிட்டார்கள், அதுவரை அவள் கேற்றடி வெயிலில் நின்றாள்.

நான் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மடிப்புக் கலையாத சேட்டுப் போட்ட இளைஞர் ஒருவர் உள்ளே வந்து கதவடிக் கதிரையில் இருந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதன்மேல் கைபேசியை நிமிர்த்தி வைத்தார். அதன் கமராக் கண் என்னைப் பார்த்தது.

அதற்குப் பிறகு பேசியது நானா, என் பயமா என்று எனக்கே தெரியாது. பிலிப்பைன்ஸ் அழகான தீவுகள் என்றேன். எங்களைப் போலச் சோறும் மீனும் தின்கிற சனம், நன்றாகப் பாடுவார்கள் என்றேன். "இதெல்லாம் சும்மா அறிவுக்காகத்தான், ஐயா" என்றும் சொன்னேன். என்னில் பாதி வயசுகூட இல்லாதவரை ஐயா என்றேன். இராணுவச் சட்டத்தை அப்படியே விழுங்கிவிட்டு, "இவ்வளவுதான்" என்று முடித்தேன்.

முன்வாங்கில் இருந்த ரீச்சர் கையை உயர்த்தினா.

"அண்ணன், இவ்வளவு நேரமும் எங்களுக்கு உங்கட முதுகுதான் தெரிஞ்ச. கொஞ்சம் இஞ்சால கிறுகுங்க."

தங்கள் பக்கம் திரும்பி நிற்கும்படி சொல்கிறா. பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "முதுகும் நல்லாத்தான் கதைச்ச கா!"

எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. அவவுடைய தம்பி சண்டைக் காலத்தில் கடைக்குப் பாண் வாங்கப் போனவன். இன்னும் வரவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த நாட்டில காணாமப் போன ஆக்கள்ற கதை ஒண்டு பஸ்ஸில எனக்குச் சொன்னீங்களே. அத ஏன் விட்டுட்டீங்க?"

சிரிப்பு நின்றது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. போனவர்களுக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த எழுத்தாளர்களைப் பற்றிப் பேச வந்த நான், என் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கதிரைக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

கிறுகினேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். கைபேசியின் கண் இப்போது என் பிடரியில் இருந்தது. கண்ணுக்கு நேரே இருந்ததைவிட அது பொல்லாதது. ரீச்சரை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னேன். மறியலைச் சொன்னேன். திரும்பாதவர்களைச் சொன்னேன். கதவைப் பார்த்தே கிழவிகளாகிப் போன தாய்மாரைச் சொன்னேன். குரல் இரண்டு இடத்தில் அறுந்தது. ரீச்சர் கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் அந்த இளைஞர் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே இழுப்பில் குடித்தார். "அடுத்த கூட்டம் எப்ப?"

ரீச்சர்தான் சொன்னா: "வாற மாசம். வாங்க தம்பி, கதிரை கிடக்கும்."

"என்ன கதைப்பீங்க?"

"இதிலயே மிச்சம் கிடக்கு" என்றேன். சொல்லிவிட்டுத்தான் பயந்தேன்.

வீடு திரும்பும்போது, வவுணதீவுப் பக்கம் போகும் பாலத்தில் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. என் மிதிசைக்கிளை ஓரம் கட்டி நின்றேன். யாரோ ஒருவர் மீன் பெட்டியோடு போனார். அது போய் மறைந்த பிறகும் ஏறி மிதிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னன்."

ஏசுவாள் என்று நின்றேன். அவள் அறைக்குள் போனாள். என் வெள்ளைச் சேட்டையும் கறுப்புக் காற்சட்டையையும் எடுத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவினாள்.

"இந்த முறை சாரத்தோட போக விடமாட்டன்."

இதுவரை யாரும் கூப்பிடவில்லை. படலையடியில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் நாங்கள் இருவரும் முதலில் பார்ப்பது அந்த ஆணியைத்தான்.