மழைநாளில் மூடிய படம்

ஞானசிகாமணிக்குக் குடிப்பழக்கம் கிடையாது, வெற்றிலைகூடப் போடமாட்டார். ஆனாலும் திருவனந்தபுரம் சாலை பஜாரில் அவர் பிரேம் கடை வைத்திருந்த இருபத்திரண்டு வருஷமும், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருப்பதாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எந்தப் படத்துக்குப் பிரேம் போட்டாலும், பின்பலகையை ஆணியடித்து மூடுவதற்கு முன்னால் அதன் உள்பக்கம் பென்சிலால் நாலு வரி எழுதிவைப்பார். என்றைக்கு மூடினோம், வெயிலா மழையா, படம் எந்த நிலையில் வந்தது, யார் அவசரப்படுத்தினார்கள், எல்லாம் இருக்கும். கடைசியில் ‘ஞா.’ என்று ஒற்றை எழுத்து. மூடிய பிறகு அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டால், “படத்துக்குத் தெரிஞ்சாப் போரும்” என்பார்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜூனை ஒட்டி எடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இந்த ஊரில் புத்தியுள்ள பிரேம்காரன் எவனும் படத்தை மூடமாட்டான். காற்றில் இருக்கும் ஈரம் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நாலு மாசம் போனால் உள்ளே வெள்ளைவெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அப்போது படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுகிறவன், அன்றைக்குக் ‘கல்யாணத்துக்குக் குடுக்கணும், இப்பவே மூடு’ என்று கழுத்தில் கத்தி வைத்தவனாகத்தான் இருப்பான். நாகர்கோவிலிலிருந்து இருபது வயதில் வந்து தொழில் படித்த ஞானசிகாமணி, இப்படி நாலு தடவை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு எழுத ஆரம்பித்தார். அவசரக்காரர்களுக்கு மூடிக்கொடுத்த பலகைகளில் எல்லாம் கடைசி வரி ஒன்றாகவே இருக்கும்: ‘பொறுப்பு எனதல்ல.’

2017இல் கட்டடத்தை இடித்தார்கள், கடை போயிற்று. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் மணக்காட்டு வாடகை வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவரைத் தேடி ஒரு கார் வந்தது. அனந்தபத்மநாபன் இறங்கினார். சாஸ்தமங்கலத்தில் பழைய ஓவியங்கள், வெண்கலம், கடிகாரம், நாணயம் என்று பெரிய குடும்பங்களின் சேகரிப்புகளை ஏலத்தில் விற்றுக்கொடுக்கும் கம்பெனி அவருடையது. அப்பேர்ப்பட்ட மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி வடிவம்மாள் கொடுத்த பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்து, “உங்கள மாதிரி ஒரு கை எனக்கு வேணும்” என்றார். பிறகு அவர்கள் மகள் சுஜாவுக்குக் கழக்கூட்டத்தில் தன் சிநேகிதரின் ஆபீஸில் வேலையும் வாங்கிக்கொடுத்தார். வடிவம்மாள் அவர் பெயருக்கு ஆற்றுக்கால் கோவிலில் அர்ச்சனையே செய்துகொண்டிருந்தாள்.

வேலை சுலபம். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, எங்கே கீறல், எங்கே சாயம் உதிர்ந்திருக்கிறது, பின்னால் செல் அரித்திருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கண்டிஷன் ஷீட் என்று பெயர். வாங்க வருகிறவர்கள் படத்தைவிட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. பின்பக்கம் பழைய தாள் ஒட்டி மூடியிருக்கும் படங்களைத் திறக்கக் கூடாது. அந்த ஒட்டு கலையாமல் இருந்தால்தான் மதிப்பு என்பார் அனந்தபத்மநாபன். அப்படிப்பட்ட படங்களுக்கு, ‘பின் ஒட்டு கலையவில்லை, உட்புறம் நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பார்க்காத உட்புறத்தை நன்று என்று எழுதுவது முதல் தடவை உறுத்தியது. இரண்டாம் தடவை குறைவாக உறுத்தியது. எட்டு வருஷத்தில் எத்தனை போட்டார் என்று அவருக்கே நினைவில்லை.

இந்த வருஷம் ஜூன் மாசம், ஏலத்துக்கு நாலு நாள் இருக்கையில், காட்லாக் வேலை பார்க்கும் ஆர்ஷா அவருடைய மேஜைக்கு வந்தாள்.

“அண்ணா, முப்பத்தேழு மட்டுந்தான் பாக்கி. நாள வியூயிங் ஆணு, வாங்கறவங்க பாக்க வருவாங்க. வைகுந்நேரம் ஆறு மணிக்குள்ள சைன் போட்டுத் தரணே.”

லாட் முப்பத்தேழு, அதாவது முப்பத்தேழாவது உருப்படி, அந்த ஏலத்தின் நாயகி. கையில் மாம்பழத்தோடு ஜன்னலோரம் நிற்கும் ஒரு பெண். நூற்றிருபது வருஷம் முந்தையது, நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு தறவாட்டுப் பூர்வீக வீட்டுச் சுவரை விட்டு இறங்கியதே இல்லை என்று காட்லாக்கில் முழுப்பக்கம் போட்டிருந்தது. ஞானசிகாமணி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிரேமில் இருப்பது அம்மனா அமைச்சரா என்று கவனிக்காமல் நாலு மூலையை மட்டும் பார்த்துப் பழகிய கண் அது. இடதுபக்கக் கீழ்மூலையில் கண்ணாடிக்குள்ளே பாலாடை படிந்த மாதிரி வெள்ளை.

பூஞ்சை. எந்த மடையன் இதை மழையில் மூடினான் என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கட்டுப்பாடு நினைவில் இருந்தது. ஆனால் பூஞ்சையை விட்டால் மாம்பழம்வரை ஏறிவிடும். ஈரத்துணி வைத்துத் தாளை அலுங்காமல் உரித்தார். நாற்பது வருஷக் கைக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆணிகளை நெம்பி, பலகையைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பினார்.

‘1189 எடவம் 29. நல்ல மழை. சாயம் இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டுகிறது. சொல்லியும் கேட்கவில்லை. டிரைவர் நிற்கிறார், முதலாளி காரை விட்டு இறங்கவில்லை. பொறுப்பு எனதல்ல. ஞா.’

மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1189 எடவம் என்றால் 2014 ஜூன். பதினோரு வருஷம். நூற்றிருபது வருஷம் சுவரை விட்டு இறங்காத பெண், சாயம் காயாமல் அவருடைய கடை மேஜையில் கிடந்திருக்கிறாள். ஞானசிகாமணிக்கு மடையன் யார் என்று தெரிந்துபோயிற்று. பலகையை மேஜைமேல் வைத்தார்.

முதலாளியும் ஏமாந்துவிட்டார், யாரோ அவர் தலையில் நகலைக் கட்டிவிட்டார்கள் என்றுதான் ஞானசிகாமணி முதலில் நினைத்தார். உடனே சொல்லிவிட வேண்டும் என்று மாடி ஏறினார்.

“சார், முப்பத்தேழுல பூஞ்சை இருந்துது. திறந்துட்டேன்.”

அனந்தபத்மநாபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டில் மலையாளமும் வேலைக்காரர்களிடம் அவரவர் பாஷையும் பேசுகிறவர்.

“மழைன்னு எழுதியிருக்குமே?”

பலகையைப் பற்றி ஞானசிகாமணி இன்னும் வாயே திறக்கவில்லை.

“இரிங்க ஞானம். ஒண்ணும் பேடிக்க வேண்டாம். மத்த பலகையெல்லாம் மாத்தியாச்சு, இது ஒண்ணுதான் விட்டுப்போச்சு. மாத்தற ஆள் நின்னுட்டான் கேட்டோ.” அவர் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். கோப்புகளை அடுக்கினாற்போல் ஏழு பின்பலகைகள் நின்றிருந்தன. ஏழிலும் பென்சில் எழுத்து. ஏழிலும் மூலையில் ‘ஞா.’

எல்லாம் அவர் பிரேம் போட்ட நகல்களின் முதுகிலிருந்து கழற்றியவை. நகலுக்குப் பிரேம் போடுவது குற்றமில்லை, ஊரில் பாதி வீட்டு வரவேற்பறையில் நகல்தான் தொங்குகிறது. ஆனால் அந்த ஏழு படமும் இந்த எட்டு வருஷத்தில் அசல் என்று இங்கே விலைபோயிருக்கின்றன. ஏழுக்கும் ‘உட்புறம் நன்று’ என்று கையெழுத்துப் போட்டவர் அவரேதான்.

“உங்க எழுத்து எனக்கு ரொம்ப இஷ்டம். அதுக்காகத்தானே தேடி வந்தேன்” என்றார் அனந்தபத்மநாபன். குரலில் கொஞ்சமும் கடுமை இல்லை. “வரைஞ்ச ஆள் மரிச்சுபோயி. டிரைவர் கல்ஃபுல. யாராவது கேட்டா, பிரேம் போட்டதும் நீங்க, ஷீட் எழுதினதும் நீங்க. என்னையும் சேத்து ஏமாத்தின ஆளுன்னு ஆகிப்போகும், அல்லே? அப்படி ஆக நான் விடமாட்டேன். கீழே பழைய பலகை ஒண்ணு வெச்சிருக்கு. மாத்தி மூடிட்டு, உங்க பலகையை இங்க கொண்டுதாங்க. பத்திரமா இருக்கும்.” அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “சுஜா சுகந்தானே?”

“சுகம் சார்” என்று வாய் தானாகச் சொன்னது. அப்படிச் சொன்னதற்காக அவர் தன்னையே வெறுத்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்த மனிதரை நினைத்தபடி படியிறங்கினார். எட்டு வருஷமாக வடிவம்மாள் செய்த அர்ச்சனையை எல்லாம் யார் திருப்பித் தருவார்கள் என்று அர்த்தமில்லாமல் ஓர் ஆத்திரம் வந்தது. கையெழுத்துப் போடாமல் வெளியே போனால் ஏழு பலகைகளும் அலமாரியை விட்டு வெளியே வரும். போட்டால் எட்டாவது. அவருக்கு அறுபத்தோரு வயது. கோர்ட்டு வராந்தாவில் நிற்கும் தன்னையும், ஆபீஸில் சுஜாவைப் பார்த்துக் குசுகுசுப்பவர்களையும் அவரால் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

மேஜைமேல் பழைய பலகை தயாராக இருந்தது. நிஜமாகவே பழையது, ஏதோ இடித்த வீட்டின் மச்சுப் பலகை. ஜன்னல் வழியே சாரல் அடித்தது. மழைநாளில் மூட நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பலகையை இரண்டு மணி நேரம் குண்டு பல்பின் சூட்டில் வாட்ட வேண்டும். படத்தின் பின்னால் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். நாலு மூலையிலும் கற்பூரம் வைக்க வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் மழை உள்ளே போய்விடும்.

வெள்ளையை மட்டும் துடைத்து எடுத்தார். பல்பைப் போடவில்லை. கற்பூர டப்பாவைத் திறக்கவில்லை. ஜன்னலைச் சாத்தாமல், மச்சுப் பலகையைச் சாரல் படும்படி சாய்த்துவைத்துவிட்டு, பென்சிலைச் சீவினார். வழக்கமாக நாலு வரியோடு நிறுத்துகிறவர் அன்றைக்குப் பலகை நிறைய எழுதினார். ஆணியடித்து, புளியங்கொட்டைப் பசை தடவி, உரித்த தாளையே மறுபடி ஒட்டினார். பிறகு ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். ஆர்ஷா வந்து வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ் அண்ணா” என்று போனாள். படத்திலிருந்து கழற்றிய, 1189 என்று எழுதிய தன் பலகையை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அனந்தபத்மநாபன் அதை எட்டாவதாக அடுக்கினார்.

நனைந்துபோய் வீட்டுக்கு வந்தவரை வடிவம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னத்துக்கு இப்பிடி நனைஞ்சுக்கிட்டு வாறிய? குடை இல்லியா கையில?”

குடை கையில்தான் இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை. “இனிமே அந்த ஆளு பேருக்கு அர்ச்சனை செய்யாண்டாம்” என்றார். அவள் ஏனென்று கேட்டபோது குடையை மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். சொன்னால் அழுதுவிடுவோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

மாம்பழக்காரியைக் கொச்சிக்கார டாக்டர் ஒருவர் ஏலத்தில் எடுத்தார். கூட்டம் கைதட்டியது. ஷீட்டை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, “இதாரா ஞானசிகாமணி?” என்று விசாரித்துத் தேடிவந்து கைகொடுத்தார் அந்த டாக்டர். அந்தக் கையைப் பிடித்தபோது ஞானசிகாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதன் பிறகு நாலு மாசம் அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஜூலை முழுக்க மழை. ஓணத்துக்கு வெயில் அடித்தபோது, அந்தப் பூஞ்சை பூக்காமல் போய்விடுமோ என்று ஒரு நாள் பயந்தார், மறுநாள் ஆசைப்பட்டார். போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. சுஜாவைக் கூப்பிட்டு, வேறு கம்பெனியில் வேலை தேடு என்றார். ஏன் என்று மகள் மலையாளத்தில் சிடுசிடுத்தாள். “நான் சொல்றேன், தேடு” என்றார்; செப்டம்பரில் அவளுக்குக் கிடைத்தும்விட்டது. அதுவரை பூக்காமல் இருந்ததற்கு அந்தப் பலகைக்கு அவர் மனசுக்குள் நன்றி சொன்னார்.

அக்டோபரில் துலாமாசத்து மழை தொடங்கிய வாரம், ஒரு காலையில் ஆர்ஷா போனைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள்.

“அண்ணா, கொச்சியில அந்த டாக்டர். படத்துக்குள்ள வெள்ளையா எந்தோ பூத்திருக்காம். நாம வர்றவரைக்கும் நிக்கலை. அங்கயே ஆளைக் கூப்ட்டு, இப்பத் திறந்துகிட்டிருக்காராம்.”

மாடிப்படியில் அனந்தபத்மநாபன் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

“ஞானம், காயவெச்சுத்தானே மூடினீங்க?”

“மழைநாள் சார்” என்றார் ஞானசிகாமணி.

அவர் மேஜையைத் துடைத்தார். உளியையும் சுத்தியையும் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைத்தார். சட்டைப்பையில் இருந்த பென்சிலை எடுத்து அதன்மேல் வைத்தார். போலீஸ் வந்தால் முதலில் தன்னிடம்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அந்நேரம் கொச்சியில் யாரோ ஒருவர் பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். டிரைவர் வந்த நாள், இறங்காத முதலாளியின் பெயர், மாடியில் எந்த அலமாரி, அதில் எத்தனை பலகை, அவை எந்தெந்தப் படத்துடையவை என்று வரிசையாக எழுதியிருந்தது. கடைசி வரியில் மட்டும் பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார்.

‘1200 எடவம் 30. நல்ல மழை. தெரிந்தே மூடினேன். பொறுப்பு எனது. ஞானசிகாமணி, மணக்காடு.’