அண்டாவுக்குப் போகாத கத்தரிக்காய்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. எங்கள் சபையில் சனிக்கிழமை பெண்கள் சங்கம் கூடும்போது சுவரோரமாகத்தான் உட்காருவேன். தலைவி அம்மா எல்லாரையும் கேட்பார்கள், "பக்கத்து வீட்டு ஆத்துமாவுக்கு என்ன செய்தீங்க?" முதலில் அவர்கள் குறையைக் கேளுங்கள், குறை தெரியாதவருக்கு ஆண்டவர் தேவைப்படமாட்டார் என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

எங்கள் தெருவில் கடைசி வீடு என்னுடையது. வாய்க்காலைத் தாண்டினால் என் கூட்டாளி ஒருத்தியின் வீடு. அங்கே உள்ளவர்கள் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள். நானும் அவளும் பீடி சுத்துகிறவர்கள். மத்தியானம் அவள் வீட்டு வேப்பமரத்தடியில் பீடி இலைத் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவோம்.

ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன். "ஒனக்கு என்ன கொறைட்டி?"

"எனக்கென்ன கொறை? வீட்டுக்காரரு குடிக்கமாட்டாரு. மவன் திருப்பூருல இருக்கான். மாடன் இருக்கான். ஏங்கா, ஒனக்கு ஏதும் கொறையா?"

மூட்டுவலி என்றேன். எழுந்துபோய் நொச்சித் தழை பறித்துக்கொண்டு வந்தாள். என் ஊழியம் அன்றைக்கு அவ்வளவுதான்.

பேசத் தெரியாது, வாசிக்கவாவது செய்வோம் என்று அப்புறம் வேதப்புத்தகத்தைக் கொண்டுபோனேன். நான் படித்தது அஞ்சாங்கிளாசு. எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பேன். "பைய வாசிக்கா, பஸ்ஸா போவுது?" என்று சிரிப்பாள். கிணற்றடியில் ஆண்டவர் ஒரு சமாரியப் பொம்பளையிடம் தண்ணீர் கேட்ட இடம் வந்தபோது அவள் கை நின்றுவிட்டது.

"அந்த ஆளுக பாத்திரத்த இவரு ஆளுக தொடமாட்டாகளா?"

"தொடமாட்டாக."

"இவரு கேட்டாராக்கும்?"

"அவரேதான் கேட்டாரு."

கையிலிருந்த பீடி இலையைத் தட்டில் வைத்தாள். "எங்கம்மைக்கு டீக்கடையில செரட்டையிலதான் ஊத்துவாக. அதக் கொறன்னு நான் நெனச்சதே இல்லக்கா. ஒலகம் அப்படித்தான்னு இருந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள். அந்தக் கிணத்துக் கதையை வாசி, அந்தப் பொம்பளை ஊருக்குள்ள ஓடினதை வாசி. ஒருநாள், "நானும் ஒங்க கோயிலுக்கு வரட்டா?" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அசனம் வருது, அதுக்கு வா என்றேன்.

அசனம் என்றால் வருஷத்துக்கு ஒருதரம் சபையார் எல்லாரும் ஒரே அண்டாவில் ஆக்கி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. முந்தினநாள் மத்தியானம் பெண்கள் அவரவர் அரிவாமனையோடு வந்து கோயில் வளாகத்தில் காய் நறுக்குவோம். அவளும் அரிவாமனை எடுத்து வந்தாள். தன் வீட்டுக் கொல்லையில் காய்த்த கத்தரிக்காயை ஓலைப்பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

"எந்தத் தெரும்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைவி அம்மா சிரித்த முகமாக, "வாங்க, ஆண்டவர் சமுகத்துக்கு வந்திருக்கீங்க" என்றுகூடச் சொன்னார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே அளவாக நறுக்கித் தன் பெட்டியிலேயே போட்டாள். வீட்டுக்குப் போகும்போது, "நாளைக்கு என் காய ஊரே திங்கும்" என்று சிரித்தாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து பந்திக்குப் போனோம். கைகழுவும் இடத்தில், மதிலோரம் அவள் ஓலைப்பெட்டி இருந்தது. நறுக்கிய காய் நறுக்கினபடியே கறுத்துப்போய்க் கிடந்தது. அவள் குனிந்து பெட்டியை எடுத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆடுகளுக்குக் காயைக் கொட்டினாள். வெறும்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் தலைவி அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"அவ காய ஏன் அண்டாவுல போடல?"

"மிஞ்சிட்டும்மா."

"எல்லாரு காயும் வெந்திருக்கு. இவ காய் மட்டும் மிஞ்சிட்டோ?"

"யாத்தா, நீ எப்ப இம்புட்டுப் பேசப் படிச்ச!" என்றார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் வேப்பமரத்தடிக்குப் போனேன். வேதப்புத்தகமும் கையில் இருந்தது. அவள் தட்டை எடுக்கவில்லை, சும்மா இருந்தாள்.

"எனக்கு அவரு மேல கோவம் இல்லக்கா. அவரு வந்திருந்தா என் கத்தரிக்காயத் தின்னுருப்பாரு."

"வாசிக்கட்டாட்டி?"

"வேண்டாம். நான் பாட்டுக்கு எனக்கென்ன கொறைன்னு இருந்தேன். நீ வாசிச்சுத்தான் அது கொறன்னு தெரிஞ்சுது. இனி அத வச்சு நான் என்ன செய்ய?"

நான் புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தில், தங்கள் தேவையை உணராத ஜனங்களுக்காக ஜெபிப்போம் என்றார்கள் தலைவி அம்மா. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பேர்பேராகச் சொல்லி ஜெபித்தேன்.

இப்போதும் மத்தியானம் வாய்க்காலைத் தாண்டிப் போகிறேன். தண்ணீர் கேட்டால் செம்பில் தருகிறாள். பீடி சுத்துகிறோம். புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.