பாலம் தெரியும் வீடு

இன்று காலை மகளின் ஆங்கிலக் கொப்பியில் ‘விசிபிள்’ என்ற சொல்லைக் கண்டதும், கல்லடியில் வாவிக்கரையோரம் இருந்து பிறகு அழிந்துபோன கிடுகுக் கொட்டில் நினைவுக்கு வந்தது. யுத்த காலத்தில், மழையில் நனைந்த கிடுகு மணக்க, அங்கேதான் மலர் ரீச்சர் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். அந்தச் சொல்லுக்குக் ‘கண்ணுக்குத் தெரிகிற’ என்று கருத்துச் சொல்லி, அதே கருத்துள்ள வேறு சொற்களையும் எழுதவைத்து, ஆளுக்கொரு வசனம் கேட்டார். ‘எங்கள் வீட்டிலிருந்து பாலம் தெரியும்’ என்று நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகையில், பாலத்துச் சோதனைச்சாவடியில் என் புத்தகப்பையைக் கிளறிய சிப்பாயின் விரல் அந்த வரியில் நின்றது.

“பாலம் எதுக்குப் பாக்கிறது? யார் எழுதச் சொன்னது?”

“மலர் ரீச்சர்,” என்றேன்.

அன்று பின்னேரம் ரீச்சரை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள்தான் விட்டார்கள்.

“இனி வசனத்தை நானே சொல்லுறன். நீங்க அதை மட்டும் எழுதினாக் காணும்,” என்றார் வகுப்பில். யார் காட்டிக்கொடுத்தது என்று அவர் பேச்செடுக்கவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் ராணியைத்தான் சந்தேகித்தார்கள். அவளுடைய மாமா முகாமுக்கு மீன் கொடுப்பவர். ராணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மற்றவர்களைப் போல நானும் தள்ளி உட்கார்ந்தேன்.