சைக்கிள் சின்னத்தில் அப்பா

அப்பா தேர்தலில் தோற்க வேண்டும் என்று சர்ச்சில் முழங்கால் போட்டு ஜெபித்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கர்த்தரும் கேட்டுவிட்டார், அதுதான் வினை.

அப்பா ஏற்காடு மலையில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர். அந்த வருஷம் மாரமங்கலம் என்ற மலைக்கிராமத்திலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியைக் கம்பில் போர்வை கட்டித் தூக்கி வந்தார்கள். கிளினிக் வாசலை அடைவதற்குள் தாயும் போனாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போயிற்று. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்து வந்த பஞ்சாயத்து யூனியன் சேர்மன் தேர்தலில், மாரமங்கலத்திலேயே ஒரு பிரசவ வார்டு கட்ட வைக்கிறேன் என்று சுயேச்சையாக மனுப் போட்டார். கிடைத்த சின்னம் சைக்கிள். எங்கள் மேட்டில் சைக்கிளை எவன் மிதிப்பான்? தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஜெயித்தால் கலெக்டர் ஆபீஸ், மீட்டிங் என்று சேலமே கதியாகக் கிடக்கப் போகிறீர்கள், இப்போதே கிளினிக்கைப் பூட்டிவிடுங்கள் என்று ரசம் ஊற்றும்போதெல்லாம் சொல்லிக்காட்டினாள். அவள் எரிச்சலில் சொன்னது. நான் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் ஓட்டுக் கேட்கப் போகும் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார். பாவம், அவருக்கு ஓட்டுக் கேட்கவே தெரியாது. எங்கள் பக்கத்தில் டாக்டர் வீடு தேடி வருகிறார் என்றால், தூக்கி வரக்கூட முடியாத கேஸ் என்று அர்த்தம். தலைச்சோலை என்ற ஊரில் முதல் வீட்டுக்குள் அவர் கைகூப்பி நுழைந்ததுமே, சளிக்காய்ச்சலில் படுத்திருந்த மாமனாரைப் பார்த்து மருமகள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். கிழவர் பதறி எழுந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் கெஞ்சினார். அப்பா அவருக்கு நாடி பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு, ஓட்டை மறந்து வெளியே வந்தார். வாசலில் அதற்குள் வரிசை நின்றுவிட்டது.

அவர் ஒவ்வொருவராக நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எஸ்டேட் மேஸ்திரியின் சம்சாரம் என்னை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் அப்பா கையில் பிறந்தவர்கள். டாக்டர் ஜெயித்துவிடுவாரா என்று ஆசையாகக் கேட்டாள்.

"ஜெயிச்சா அப்பா கிளினிக்க மூடிருவாரு. அப்புறம் யாருக்கும் வைத்தியமே பாக்க மாட்டாரு" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத சாமி" என்று முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

நான் சொன்னது எங்கள் ஜீப்புக்கு முன்னால் மலை முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்பா தோற்றார். சும்மா இல்லை, படுதோல்வி. மறுநாள் காலை கிளினிக்கில் நிற்க இடமில்லை. ஆரஞ்சும் மிளகும் வாழைத்தாருமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். என் சந்தோஷத்தையும் கேட்க வேண்டாம். அப்பாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. இருமலுக்குக் காட்ட வந்த மேஸ்திரி சம்சாரம் ஸ்டூலில் உட்கார்ந்ததும் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க டாக்டரய்யா. நீங்க எங்கள உட்டுப்போட்டுப் போயிரக் கூடாதுன்னுதானுங்க, எங்க லைன் வீடுகள்ல ஒருத்தருமே சைக்கிளுக்குப் போடலீங்க. பாப்பா முன்னாடியே சொன்னது நொம்ப நல்லதாப் போச்சுங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு அவள் முதுகுப்புறம் போய் நின்றார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி இழுக்கச் சொன்னார். தலை குனிந்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. அவள் எழுந்து போனதும், அவளுக்குப் பெரிய வியாதியா என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் இருக்காங்க" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஒன்றுமே இல்லாத நெஞ்சில் அவ்வளவு நேரம் எதைக் கேட்டார் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.