முகக்கவசம் போட்ட காக்கை

கொரோனா காலத்தில் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். அவர்களுக்காகச் சங்கராபுரத்துக்கு வெளியே, அறுவடை முடிந்த ஒரு வயலில், காக்கை நரியிடம் வடையைப் பறிகொடுத்த கதையை நாடகமாகப் போட்டோம். காக்கையாக நடிக்க வந்தவர் துணிக்கடை பாய் ஒருவர். ஒடிசலாக, உயரமாக இருப்பார். யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். முகக்கவசத்தை மட்டும் யார் எதிரிலும் கழற்ற மாட்டார். டீயைக்கூட வரப்போரம் தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டுதான் குடிப்பார்.

ஒத்திகையில் அதுவே சிக்கலானது. நரி பாடச் சொல்லி, காக்கை வாயைத் திறந்தால்தானே வடை விழும்?

"மாஸ்க்கைக் கழட்டினாத்தான் கதை நடக்கும் பாய்," என்றேன்.

தலையைச் சாய்த்து யோசித்தார். "எதிர்ல கொழந்தைங்க குந்திக்கினு இருக்கும். நான் கழட்ட மாட்டேங்க. நரி பாட்டு கேக்க வேணாம். கை கழுவுனியான்னு கேக்கட்டும்."

அப்படியே மாற்றினோம். காக்கை வடையைக் கீழே வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவியது. நரி வடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த பிள்ளைகள், "காக்கா, திரும்பிப் பாரு" என்று கத்தினார்கள். அவர் திரும்பவே இல்லை. விரல் விரலாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்து டீக்கடையில், பக்கத்தில் நின்ற ஒருவர் தன் வடையை என் எதிரில் வைத்துவிட்டுக் குழாயடிக்குக் கிளம்பினார். நான் பார்த்தே இராத முகம். போகிற போக்கில் தலையைச் சாய்த்து, "நரி வந்தா சொல்லுங்க," என்றார்.

அவர் திரும்பி வரும்வரை அந்த வடையில் ஒரு ஈயைக்கூட நான் உட்கார விடவில்லை.