நாலாவது மாடியில் ஜெபக்கூட்டம்

எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருக்கும் இஸ்திரி அக்காவுக்குச் சட்டென்று கோபம் வராது. அவளுக்கும் சேர்த்து, மூன்றாவது மாடியில் இருக்கும் நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

சலவைக்கடையில் நாளெல்லாம் நின்றபடி சட்டை தேய்ப்பாள். வீட்டுக்கு வந்தால் கணவரைப் பார்த்துக்கொள்வாள். பெயின்டராக இருந்தவர், சாரத்திலிருந்து விழுந்து படுக்கையாகிவிட்டார். நாலு பேர் கூடிப் பாடுவதைச் சாவதற்குள் ஒருமுறை பக்கத்திலிருந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் அந்த அண்ணனின் ஆசை. சபைக்குத் தூக்கிப்போக ஆளில்லை, கட்டடத்தில் லிஃப்டும் இல்லை.

அவர்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கொரு வீட்டில் ஜெபக்கூட்டம். அக்காவின் முறை வரும்போதெல்லாம் குழுத் தலைவர், ரிட்டயரான பேங்க் மேனேஜர், தேனொழுகப் பேசுவார்: "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? எங்க வீட்லயே வச்சுக்கலாம்." அன்பு என்று அதற்குப் பெயர். வருஷக்கணக்கில் அந்த அன்பாலேயே அவளைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

போன மாதம் போதகர், "சொகுசை விட்டு வெளிய வாங்க, இதுவரைக்கும் போகாத வாசலை மிதிங்க" என்று பிரசங்கம் செய்தாராம். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேனேஜரால் தட்ட முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டு நாற்காலிகளையெல்லாம் மேலே ஏற்றினோம். அண்ணனுக்குச் சவரம் செய்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். "எந்தப் பாட்டு வேணும்னு நான் கேக்கலாமா?" என்று குழந்தை மாதிரி கேட்டார்.

கார்களில் வந்து இறங்கியவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் மூட்டு வலிம்மா," என்றார் மேனேஜர். "கர்த்தருக்கு மாடி என்ன, தரை என்ன?"

"ஒரே ஒரு பாட்டுய்யா. அவரு காத்துக்கிட்டிருக்காரு."

"இங்கயே பாடிடுவோம்."

பக்கத்து வெல்டிங் பட்டறை இரைச்சலில் அவர்கள் பாடியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "சொகுசிலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்தீரே, ஸ்தோத்திரம்" என்று மேனேஜர் கண்மூடி உருகினார். டீக்காவது ஏறுவார்கள் என்று அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள். "கீழ கொண்டுவந்துடுங்கம்மா" என்றார். ஃபிளாஸ்க் எடுக்க நான் மேலே போனபோது, அண்ணன் வாசலைப் பார்த்தபடியே மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போயிருந்தார்.

அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். நாங்கள் மேலே ஏறினோம். அண்ணன் விழித்து, காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"யாரும் வரலையா?"

"வந்தாங்க, பாடினாங்க. நீங்கதான் அசந்து தூங்கிட்டீங்க."

அவர்கள் மாடியே ஏறவில்லை என்பதை அக்கா மறைத்துவிட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுப்பியிருக்கக் கூடாதா? வீடு தேடி வந்தவங்க முன்னாடி தூங்கிட்டேனே. நான் மன்னிப்புக் கேட்டேன்னு மறக்காம சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சபையில் அக்கா மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்: "வந்தவங்களைப் பாக்காம தூங்கிட்டேன்னு அவரு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாருய்யா." ஒரு துளி வெட்கமாவது அந்த முகத்தில் தெரியாதா என்றுதான் சொன்னாளாம்.

மேனேஜர் அவள் தலையில் கை வைத்து, "பரவாயில்லம்மா, மன்னிச்சிட்டோம்னு சொல்லுங்க" என்றாராம்.