கச்சை அவிழ்க்காமல் வந்த சாமி

தாராவியில் தோல் வெட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் இசக்கிதுரை வெட்டிய தோலைப் பார்த்தால், அந்த மாடு பை வடிவத்திலேயே பிறந்திருக்குமோ என்று சந்தேகம் வரும். அப்படி ஒரு கை. நான் பக்கத்து மேஜையில் ஜிப் தைக்கிறவன். இருபது வருஷமாக அவன் கத்தியையும் வாயையும் பார்க்கிறேன். இரண்டில் வாய்தான் கூர்மை.

வருஷத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் அவன் இசக்கிதுரை. அந்த ஒரு நாள் மட்டும் சுடலைமாடன். எங்கள் சந்துக் கோவிலில் வருஷா வருஷம் நடக்கிற கொடைத் திருவிழாவில் சாமியாடுகிறவன் அவன்தான். இடுப்பில் கச்சை கட்டி, தலையில் குல்லா வைத்து, கையில் வல்லயத்தைக் கொடுத்தால் போதும். பத்தடி ஈட்டி அது, அவன் கையில் ஊதுபத்தி மாதிரி சுழலும். அவன் ஆடினால் மாஹிம் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும் என்று சொல்வார்கள். சொல்கிறவன் நான்தான்.

அவன் மகள் வந்தனாவுக்குப் பதினேழு வயசு. அவள் ஒரு காமிக்ஸ் வரைந்தாள். எனக்கு எழுத்து தகராறு, படம்தான் பார்ப்பேன். வடக்கே எங்கேயோ பனி கொட்டுகிற தேசத்தில் ஒரு பழைய சாமி இருக்கிறாராம். போர்ச் சாமி. ஓநாய் வாயில் கையை விட்டு வலது கையை இழந்தவர். வந்தனா அவரைக் கூட்டிவந்து தாராவியில் குடிவைத்துவிட்டாள். பகலில் தோல் பட்டறை, பெண்டாட்டி, பிள்ளை. வானத்தில் கொம்பு ஊதினால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போகவேண்டும்.

இசக்கிதுரை பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

“ஒத்தைக் கையை வச்சிக்கிட்டு தோலை எப்படிட்டி இழுத்துப் புடிப்பான்?”

“பல்லால கடிச்சுப் புடிப்பாருப்பா. அடுத்த பக்கம் பாருங்க.”

“சரி, இவருக்குக் கொடை எந்த மாசம்? படையல் யாரு வைக்கா?”

“அவருக்கு அதெல்லாம் கிடையாது.”

“பொறவு எப்படிட்டி சண்டை போடுவாரு? வெறும் வயித்தோடயா? பாவம், அதான் மூஞ்சி வாடிக் கெடக்கு!”

மறுநாளே ஒரு பக்கம் கூடியது. பனிமலைக்கு நடுவில் வாழை இலை, அதில் முட்டை, கருவாடு, ஒரு கட்டுச் சுருட்டு. பனியில் சுருட்டுப் பிடிக்கிற சாமியை உலகத்தில் முதல்முதலாகப் பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தக் காமிக்ஸ் மாட்டுங்காவில் நடக்கிற ஒரு போட்டிக்குத் தேர்வானது. கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டி நடக்கிற ஹாலில் உட்கார்ந்து, மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் வரைய வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கொடையும் அதே ஞாயிற்றுக்கிழமை. ஊரில் கொடை வெள்ளிக்கிழமை நடக்கும், பம்பாயில் சாமிக்கும் லீவு நாள்தான்.

“கடைசிப் பக்கத்துல சாமி வீட்டுக்கு வந்துருவாருல்லா?” என்று கேட்டான் இசக்கிதுரை.

வந்தனா பென்சில் சீவிக்கொண்டே, “வர மாட்டாரு” என்றாள்.

“ஏன்ட்டி?”

“நீங்க வந்தியளா? ஸ்கூல்ல எனக்கு பிரைஸ் குடுத்தாங்க, அன்னைக்குக் கொடை. போன வருசம் எக்ஸிபிஷன் வச்சாங்க, அன்னைக்கும் கொடை. நான் பாத்ததத்தான வரைய முடியும்?”

அவன் காமிக்ஸை மூடி அவளிடம் நீட்டினான். “வாறேன்ட்டி. அஞ்சு மணிக்குள்ள வாறேன்” என்றான்.

“நீங்க வருவிய. உங்க சாமி விடணுமே?”

அவள் கேட்டது நியாயம். மதியக் கொடையில் மாடன் வந்துவிட்டால் எப்போது மலையேறுவார் என்று மாடனுக்கே தெரியாது. வரிசையில் நிற்கிற கடைசி ஆளுக்கும் குறி சொல்லித் திருநீறு போட்டால்தான் கிளம்புவார். போன வருஷம் பன்னிரண்டு மணிக்கு வந்தவர் ஆறரைக்குத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மேளம் கிளம்பியது, மாடன் வந்தார். மூன்று மணிக்கு வரிசை வடாலா வரைக்கும் நின்றது. சரி, நாற்பது பேர். இசக்கிதுரையின் பெண்டாட்டி நாகலக்ஷ்மி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள்.

“மதினி, முன்னால போங்களேன். உங்க வீட்டுக்காரருதான?” என்றேன்.

“இப்ப அவரு என் வீட்டுக்காரரா? சும்மா இரும்” என்றாள்.

மகள் ஹாலில் காத்திருக்கிற விஷயம் காதில் விழுந்ததும் முன்னால் நின்றவர்களே ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ஆனாலும் அவள் சாமி முன்னால் போய் நிற்கும்போது மணி நாலு. மாடன் கண்ணை உருட்டினார்.

“என்ன வேணும்? கேளு!”

“அய்யா, உம்மகிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. வருசா வருசம் என் வீட்டுக்காரரை உமக்கு இரவல் குடுக்கேன். இன்னைக்கு மட்டும் வெரசாத் திருப்பித் தாரும். புள்ள காத்துக் கெடக்கா.”

மேளக்காரன் குச்சியை அந்தரத்தில் நிறுத்திவிட்டான். சாமியிடம் யாரும் இப்படி லீவு கேட்டதில்லை.

“வரிசையில நிக்கவனுக்கு யாரு குறி சொல்லுவா?” என்று உறுமினார் மாடன்.

“அந்திப் பூசைக்குத் திரும்ப வந்து நீரே சொல்லும். அதுவரைக்கும் எல்லாருக்கும் நான் சோறு போடுதேன். யாரும் ஓடிப்போக மாட்டாவ.”

பின்னால் இருந்து ஒருவன், “சாமி, மீன் கொழம்பு உண்டான்னு கேட்டுச் சொல்லும்!” என்று கத்தினான்.

மாடன் அவளையே பார்த்தார். திருநீற்றை அள்ளி அவள் கையில் போட்டு, “குடுத்தேன்!” என்று ஒரு துள்ளு துள்ளினார். தரையில் விழுந்து எழுந்தவன் இசக்கிதுரை.

“மணி என்னல?” என்றான் என்னிடம்.

கட்டிய கச்சையை அந்திப் பூசை முடிகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. வல்லயத்தைத் தரையில் வைக்கக் கூடாது. அதனால் அப்படியே டாக்சியில் ஏறினோம். வல்லயம் ஜன்னல் வழியாக ஏழடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லாரிகளெல்லாம் மரியாதையாக ஒதுங்கின. கோவிலில் என்ன நடந்தது என்று அவனுக்கு நான்தான் சொன்னேன். சாமி வந்திருக்கும்போது நடப்பது எதுவும் அவனுக்கு நினைவிருக்காது.

ஹால் வாசலில் விதவிதமாக வேஷம் போட்ட பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் சாய்நாத் இசக்கிதுரையை மேலும் கீழும் பார்த்து, “அரே காகா, ஏக்தம் ஜக்காஸ்! பர் பாலா பாஹர்” என்றான். வேஷம் பிரமாதம், ஈட்டி மட்டும் வெளியே என்கிறான். இசக்கிதுரை வல்லயத்தை என் கையில் திணித்தான்.

“கீழ வச்சே, அடுத்த வருசம் ஒனக்குக் குறியே கிடையாது.”

நான் வாசலிலேயே நின்றேன். கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. போட்டி நடத்துகிற வைத்தீஸ்வரன், நோட்டும் பேனாவுமாக வந்து, “நீங்க எந்தக் கேரக்டர் சார்?” என்று கேட்டார்.

“வந்தனாவோட அப்பன்.”

வைத்தீஸ்வரன் எழுதப் போனவர் நிமிர்ந்தார். நெற்றியைப் பார்த்தார், கச்சையைப் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுக் கையை நீட்டினார். “கொஞ்சம் விபூதி கெடைக்குமோ?”

வந்தனா பாதிப் பக்கம் வரைந்துவிட்டாள். சாமி முதுகைக் காட்டிக்கொண்டு பனிக்குள் போகிறார். காகிதத்தில் நிழல் விழவும் நிமிர்ந்தாள்.

“நேரம் ஆயிட்டாட்டி?” என்று கேட்டான் இசக்கிதுரை. “ஒங்க அம்மைதான் சாமிகிட்ட லீவு வாங்குனாளாம்.”

அவள் ரப்பரை எடுத்தாள். “இருவது நிமிசம் இருக்கு. அசையாம நில்லுங்கப்பா.”

மேளம் அடித்தால் பூமி நடுங்க ஆடுகிறவன், இருபது நிமிஷம் இமைகூடத் தட்டாமல் நின்றான்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய படத்தில் செருப்பு வார் தப்பான இடத்தில் தைத்திருக்கிறது என்று இசக்கிதுரை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்திப் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். வரிசையில் ஒரு ஆள் குறையவில்லை, மீன் குழம்புதான் குறைந்திருந்தது.

அந்தக் கடைசிப் பக்கம் இப்போது அவன் வெட்டு மேஜைக்கு மேலே தொங்குகிறது. கவசம் கழற்றாமல், வேர்வை ஒழுக, ஒத்தைக் கைச் சாமி வீட்டுக்குள் நிற்கிறார். பெண்டாட்டி தட்டு வைக்கிறாள். வாசலுக்கு வெளியே ஒரு ஆள் ஈட்டியைக் கீழே வைக்கப் பயந்து கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். அது நான்தான். தொந்தியை மட்டும் கொஞ்சம் பெரிசாக வரைந்துவிட்டாள்.